எலக்ட்ரானுக்கு ஜன்னல் திறந்தவர், ஐன்ஸ்டீனுக்கு கதவடைத்தவர்: யார் இந்த பிலிப் லெனார்ட்?

1922 ஜூன் 27. ஜெர்மனிக்கு அன்று துக்க நாள். யூதரான வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தனோ, 3 நாட்களுக்கு முன்புதான் பெர்லினில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவரது இறுதிச்சடங்கு நாளில் அரசு அலுவலகங்களில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்பது உத்தரவு.

ஆனா ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கழகத்தில் கொடி இறங்கவில்லை. விடுமுறையும் விடவில்லை. வழக்கம்போல வேலை நடந்தது.

இதைக் கேள்விப்பட்டு கொதித்துப்போன தொழிலாளர்களும் மாணவர்களும் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். கழகத்தின் தலைவரான 60 வயது பேராசிரியரை வெளியே இழுத்து வந்தார்கள். போலீஸ் அவரைப் பாதுகாப்புக் காவலில் எடுத்த பிறகுதான் நிலைமை அடங்கியது.

அந்தப் பேராசிரியர் சாதாரண ஆள் இல்லை. 1905-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். எலக்ட்ரான் கற்றையைக் கண்ணாடிக் குழாய்க்குள்ளிருந்து முதன்முதலாக வெளியே, திறந்த காற்றுக்குக் கொண்டுவந்தவர். இன்று ஊசி சிரிஞ்சைக் கிருமி நீக்கம் செய்யும் இயந்திரம் முதல், நொடிக்குப் பல முறை ராட்சத எலக்ட்ரான் துடிப்புகளைச் சுடும் ஆய்வுக்கூடக் கருவிகள் வரை, அவர் திறந்த 'ஜன்னல்' இருக்கிறது.

பெயர் பிலிப் லெனார்ட். பெரிய விஞ்ஞானி. அதேசமயம் ஹிட்லரை ஆரம்பத்திலேயே கொண்டாடிய விஞ்ஞானியும் இவர்தான். இந்த இரண்டும் ஒரே ஆளா? ஆமாம். எப்படி என்று பார்க்கலாம்.

எலக்ட்ரான் கற்றை என்றால் என்ன? ஏன் துடிப்பு துடிப்பாக?

காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே இரண்டு உலோக முனைகள். இவற்றுக்கு இடையே பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால், எதிர்முனையான கேத்தோடிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் பாய்ந்து எதிரே உள்ள கண்ணாடியை ஒளிர வைக்கும். 19-ம் நூற்றாண்டில் இதற்கு வைத்த பெயர் கேத்தோடு கதிர். அது எலக்ட்ரான்களின் கூட்டம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சரி, அந்தக் காலத்தில் அவ்வளவு வோல்ட்டுக்கு எங்கே போவது? அதற்குத்தான் தூண்டு சுருள். பெட்ரோல் பைக்கில் ஸ்பார்க் பிளக்குக்கு கரன்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் இருக்கிறதே, அதன் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த கம்பியில் சில சுற்றுகள், அதன் மேல் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். தடித்த கம்பியில் ஓடும் பேட்டரி கரன்ட்டைச் சட்டென்று துண்டித்தால், மெல்லிய கம்பியில் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு உயர் மின்னழுத்தம் எகிறும். ஒரு சின்ன கருவி இந்தத் துண்டிப்பைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும்.

அதாவது ஒவ்வொரு துண்டிப்புக்கும் ஒரு மின்துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு எலக்ட்ரான் கற்றை. இன்று 'பல்ஸ்டு பவர்' என்று தனித்துறையாக வளர்ந்திருக்கும் விஷயத்தின் அடிப்படை இதுதான்: சக்தியை மெதுவாகச் சேர்த்து வை, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மொத்தமாகக் கொட்டு, மறுபடியும் சேர்த்து வை.

ஒயின் வியாபாரியின் மகன்

லெனார்ட் பிறந்தது 1862 ஜூன் 7-ம் தேதி, பிரெஸ்பர்க் நகரத்தில். அப்போது அது ஹங்கேரி ராஜ்ஜியத்தில் இருந்தது. இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. அப்பா ஒயின் வியாபாரி. வீட்டில் பேசியது ஜெர்மன்.

மகனுக்கு மனசெல்லாம் இயற்பியலில். புடாபெஸ்ட், வியன்னா, பெர்லின், ஹைடெல்பர்க் என்று ஊர் ஊராகப் படித்து, 1886-ல் ஹைடெல்பர்க்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1891-ல் கிடைத்தது பெரிய வாய்ப்பு. பான் நகரத்தில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸுக்கு உதவியாளர் வேலை. ரேடியோ அலைகள் இருப்பதை நிரூபித்த அதே ஹெர்ட்ஸ். எஃப்.எம். ரேடியோவில் மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வது அவர் பெயரைத்தான்.

அந்த 1.7 மில்லிமீட்டர் ஜன்னல்

கேத்தோடு கதிரில் ஒரு சிக்கல் இருந்தது. அதை ஆராய வேண்டும் என்றால், அது பிறக்கும் குழாய்க்குள்ளேயேதான் ஆராய வேண்டும். உள்ளே மிச்சம் இருக்கும் வாயு, மின்சாரப் பாய்ச்சல், கண்ணாடிச் சுவர் எல்லாம் சேர்ந்து குழப்பும். கதிரைத் தனியாக வெளியே எடுத்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். லெனார்ட் முன்பே குவார்ட்ஸ் தகட்டை வைத்து முயற்சி செய்து தோற்றிருந்தார்.

1892-ல் ஹெர்ட்ஸ் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார். மெல்லிய உலோகத் தகடுகளை கேத்தோடு கதிர் ஊடுருவிப் போகிறது. அப்படியானால் தகட்டையே தடுப்பாக வைத்து, கதிரை அந்தப் பக்கம் எடுக்கலாமே என்ற யோசனையையும் உதவியாளரிடம் சொன்னார்.

கேட்க சுலபமாக இருக்கும். செய்வது அப்படி இல்லை. குழாய்க்குள் வெற்றிடம், வெளியே நம்மைச் சுற்றியுள்ள காற்று. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இந்தக் காற்று சுமார் 1 கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தும். தகடு தடிமனாக இருந்தால் கதிர் வெளியே வராது. மெல்லியதாக இருந்தால் காற்றழுத்தத்தில் கிழிந்துபோகும்.

லெனார்ட் கண்ட வழி, ஜன்னலைக் குட்டியாக்குவது. குழாயின் முனையில் வெறும் 1.7 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை. அதன் மேல் 0.00265 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு. நம் தலைமுடியைவிட சுமார் 25 மடங்கு மெல்லியது. துளை இவ்வளவு சின்னதாக இருந்ததால், அதன் மேல் விழும் காற்றின் பாரம் சுமார் 23 கிராம்தான். தகடு தாங்கியது.

தூண்டு சுருள் துடிக்கத் தொடங்கியதும் ஜன்னலுக்கு வெளியே காற்றில் மங்கலான ஒளி தெரிந்தது. பக்கத்தில் கொண்டுபோன ஒளிரும் திரை மின்னியது. கேத்தோடு கதிர் வெளியே வந்துவிட்டது. இன்றுவரை இந்த அமைப்புக்குப் பெயர் 'லெனார்ட் ஜன்னல்'.

ஜன்னல் வழியே தெரிந்தது என்ன?

கதிர் காற்றில் சில சென்டிமீட்டர் தூரம் போனது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வெற்றிடக் குழாயை வைத்தால், ஒரு மீட்டரையும் தாண்டிப் போனது. ஒரு அணு, காற்றில் இவ்வளவு தூரம் மோதாமல் போகவே முடியாது. அப்படியானால் கதிரில் இருப்பது அணுவைவிட மிகச் சின்ன ஏதோ ஒன்று.

லெனார்ட் இதை ஒரு வகை அலை என்றே அப்போது நம்பினார். ஜெர்மனியில் பலரின் கருத்தும் அதுதான். ஆனா இங்கிலாந்தில் ஜே.ஜே. தாம்சன் வேறு மாதிரி யோசித்தார். 1897-ல் இது அணுவைவிடச் சிறிய துகள் என்று அறிவித்தபோது, லெனார்ட் அளந்த தூரங்களையும் அவர் ஆதாரமாகப் பயன்படுத்தினார். அந்தத் துகள்தான் எலக்ட்ரான்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. எலக்ட்ரான்கள் பொருளுக்குள் இவ்வளவு எளிதாக நுழைகின்றன என்றால், அணுவின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாகத்தான் இருக்க வேண்டும். 1903-லேயே லெனார்ட் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். ரூதர்ஃபோர்டு அணுக்கருவைப் பற்றிச் சொன்னது அதற்கு 8 ஆண்டுகள் கழித்து.

கைநழுவிய எக்ஸ் கதிர்

1894 புத்தாண்டு தினத்தில் ஹெர்ட்ஸ் காலமானார். வயது 36. குருவின் கடைசிப் புத்தகத்தை அச்சுக்குக் கொண்டுவரும் பொறுப்பு லெனார்டின் தலையில் விழுந்தது. தன் சொந்த ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு அதை முடித்துக் கொடுத்தார்.

அதே ஆண்டு மே மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வூர்ட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். லெனார்டின் சோதனைகளைத் தானும் செய்து பார்க்க வேண்டும், அந்த மெல்லிய தகடு எங்கே கிடைக்கும் என்பது கேள்வி. லெனார்ட் தன்னிடம் இருந்த தகட்டில் இரண்டை அனுப்பிவைத்தார்.

அந்தப் பேராசிரியர் வில்ஹெல்ம் ரான்ட்ஜன். 1895 நவம்பர் 8-ம் தேதி அவர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் உலகமே அவர் பெயரைச் சொன்னது.

லெனார்டின் குழாயிலும் எக்ஸ் கதிர் உருவாகியிருக்கும். ஆனா அவர் பயன்படுத்திய திரை அந்தக் கதிருக்கு அவ்வளவாக ஒளிராத வகை. ரான்ட்ஜனிடம் இருந்த திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. இதோடு, அந்த ஒன்றரை ஆண்டில் லெனார்ட் பான், பிரெஸ்லாவ், ஆஹன் என்று 3 ஊர் மாறியிருந்தார். வசதியான ஆய்வகம் கையில் இல்லை.

ரான்ட்ஜனின் முதல் கட்டுரையில் லெனார்டின் ஆய்வுகள் பற்றிய குறிப்பு இருந்தது. ஆனா தான் செய்த உதவிக்கு ஒரு நன்றி வார்த்தை இல்லை என்பது லெனார்டின் மனக்குறை. 1896-ல் லண்டன் ராயல் சொசைட்டி இருவருக்கும் சேர்த்தே ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. ஆனா 1901-ல் வரலாற்றின் முதல் இயற்பியல் நோபல் பரிசு ரான்ட்ஜனுக்கு மட்டும் போனது.

அந்தக் காயம் ஆறவே இல்லை. 1905-ல் தனக்கே நோபல் கிடைத்த பிறகும் ஆறவில்லை. எக்ஸ் கதிருக்கு உண்மையான தாய் நான், ரான்ட்ஜன் வெறும் மருத்துவச்சி என்ற பாணியில் பிற்காலத்தில் பேசிவந்தார். தாம்சனும் தனக்கு உரிய பெயரைத் தரவில்லை என்று நினைத்தார்.

ஐன்ஸ்டீனோடு என்ன பிரச்னை?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐன்ஸ்டீனுக்கு நோபல் வாங்கித் தந்த வேலையே லெனார்டின் சோதனையிலிருந்து தொடங்கியதுதான்.

உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான் வெளியேறும். இதுதான் ஒளிமின் விளைவு. ஒளியைக் கூட்டினால் எலக்ட்ரான் இன்னும் வேகமாக வர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1902-ல் லெனார்ட் அளந்து பார்த்தார். ஒளியைக் கூட்டினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது, ஒவ்வொன்றின் வேகமும் மாறவில்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

1905-ல் ஐன்ஸ்டீன் விடை சொன்னார். ஒளி சின்னச் சின்ன பொட்டலங்களாக வருகிறது என்றால் இந்தப் புதிர் அவிழ்ந்துவிடும். தன் கட்டுரையில் லெனார்டின் பெயரைக் குறிப்பிட்டே இதை எழுதினார். ஆரம்பத்தில் இருவருக்கும் இடையே நல்ல மதிப்பு இருந்தது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. லெனார்ட் தீவிர ஜெர்மன் தேசியவாதியாக மாறினார். ஜெர்மனி தோற்றதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அதே நேரத்தில், போரை எதிர்த்த, யூதரான ஐன்ஸ்டீன் 1919 கிரகண ஆய்வுக்குப் பிறகு உலகப் பிரபலம் ஆனார். சோதனைச் சாலையில் கையால் செய்து பார்ப்பதுதான் இயற்பியல், காகிதக் கணக்கு இல்லை என்பது லெனார்டின் வாதம். 1920 செப்டம்பரில் பாட் நௌஹைம் நகரில் நடந்த மாநாட்டில் இருவரும் சார்பியல் கொள்கை பற்றி நேருக்கு நேர் மோதினார்கள்.

ஒரு கொள்கையை எதிர்ப்பது தப்பில்லை. அறிவியல் வளர்வதே அப்படித்தான். ஆனா லெனார்டின் எதிர்ப்பு மெல்ல மெல்ல கணக்கை விட்டு, கணக்குப் போட்டவரின் இனத்துக்குத் தாவியது. 1921-ம் ஆண்டுக்கான நோபல் ஒளிமின் விளைவுக்காக ஐன்ஸ்டீனுக்கு அறிவிக்கப்பட்டபோது, எதிர்ப்புக் கடிதமே எழுதினார்.

1924: ஒரே ஆண்டு, இரண்டு பாதை

1924-ல் ஹிட்லர் சிறையில் இருந்தார். அந்த மே மாதம் லெனார்டும் இன்னொரு நோபல் விஞ்ஞானியான யோகன்னஸ் ஸ்டார்க்கும் சேர்ந்து ஹிட்லரைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதினார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வர இன்னும் 9 ஆண்டுகள் இருந்தன.

அதே 1924-ல் எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு எளிய தந்திரத்தைக் கண்டுபிடித்தார். நம் வீட்டு ஃபேனில் கண்டன்சர் இருக்குமே, அந்த வகைதான் மின்தேக்கி. பல மின்தேக்கிகளை அருகருகே இணைத்து மெதுவாக மின்னேற்ற வேண்டும். பிறகு தீப்பொறி இடைவெளிகள் வழியாக, அவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி ஒரே நொடியில் மாற வேண்டும். 50,000 வோல்ட் ஏற்றிய 10 மின்தேக்கிகள் சேர்ந்தால் 5 லட்சம் வோல்ட் துடிப்பு கிடைக்கும். இதுதான் 'மார்க்ஸ் ஜெனரேட்டர்'.

தூண்டு சுருளின் இடத்துக்கு வந்த இந்தக் கருவியும், லெனார்டின் ஜன்னலும் பின்னாளில் ஒரே இயந்திரத்தில் சேர்ந்தன. ஆனா அந்த நேரத்தில் லெனார்டின் கவனம் இயற்பியலில் இருந்து ரொம்ப தூரம் விலகியிருந்தது.

1929-ல் பெரிய விஞ்ஞானிகளின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ஐன்ஸ்டீன் இல்லை. ரான்ட்ஜனும் இல்லை. 1933-ல் நாஜி ஆட்சி வந்ததும் யூத விஞ்ஞானிகள் வேலையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஐன்ஸ்டீன் நாடு திரும்பவே இல்லை. 1935-ல் ஹைடெல்பர்க் இயற்பியல் கழகத்துக்கு லெனார்டின் பெயர் சூட்டப்பட்டது. 1936-லும் 1937-லும் 'ஜெர்மன் இயற்பியல்' என்ற 4 பாகப் புத்தகத்தை வெளியிட்டார். இயற்பியலுக்கும் இனம் உண்டு என்பதுதான் அதன் அடிப்படை.

இதில் கொடுமை என்னவென்றால், ஜன்னலுக்கு யோசனை சொன்ன குரு ஹெர்ட்ஸின் அப்பா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இதற்கு லெனார்ட் கண்டுபிடித்த சமாதானம் விசித்திரமானது. ஹெர்ட்ஸின் சோதனைகள் ஜெர்மானிய ரத்தத்தால் வந்தவை, கணக்குகள் யூத ரத்தத்தால் வந்தவை என்று ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்தார். தான் அச்சுக்குக் கொண்டுவந்த அந்தக் கடைசிப் புத்தகத்தையும் சேர்த்துத்தான்.

ஜன்னல் இன்று என்ன ஆனது?

லெனார்டின் கருவி கொடுத்தது, திரையை ஒளிர வைக்கும் அளவுக்கு ஒரு மெல்லிய கற்றை. இன்றைய துடிப்புக் கருவிகளின் பலம் வேறு ரகம்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கட்டப்பட்ட 'எலக்ட்ரா' என்ற கருவியை எடுத்துக்கொள்ளலாம். அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கான லேசரை இயக்க உருவாக்கியது. சுமார் 5 லட்சம் வோல்ட், 1 லட்சம் ஆம்பியர் கொண்ட எலக்ட்ரான் கற்றையை, ஒரு நொடியில் சுமார் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குச் சுடும். பெருக்கிப் பார்த்தால் அந்தக் கணத்தில் 5,000 கோடி வாட். ஆனா நேரம் அவ்வளவு குறைவு என்பதால், ஒரு துடிப்பில் இருக்கும் மொத்த சக்தி 100 வாட் பல்ப் ஒன்றரை நிமிடம்கூட எரியப் போதாது. பல்ஸ்டு பவரின் சூட்சுமமே இதுதான்.

ஒரு தடவை சுடுவது பெரிய விஷயமில்லை. எலக்ட்ரா நொடிக்கு 5 தடவை சுட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 18,000 தடவை. அங்கேதான் தலைவலி. தீப்பொறி பாயும் இடத்தில் உலோக முனைகள் தேயும். ஒரு துடிப்பின் சூடு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். எல்லாவற்றிலும் பலவீனமான இடம் எது தெரியுமா? அதே மெல்லிய தகட்டு ஜன்னல்.

இந்த ஜன்னல் மிகப் பெரியது. ஒவ்வொரு துடிப்பிலும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி தகட்டிலேயே தங்கி அதைச் சூடாக்கும். ஆறவைக்காவிட்டால் கிழிந்துவிடும். அதனால் தகட்டைத் தாங்க, உள்ளே தண்ணீர் ஓடும் உலோகச் சட்டங்களை வரிசையாக வைக்கிறார்கள். பார்க்க அடுப்பின் கம்பி வலை மாதிரி இருப்பதால், ஜப்பானிய அடுப்பின் பெயரான 'ஹிபாச்சி' என்றே அதை அழைக்கிறார்கள். கதிர் வெளியே வர மெல்லியதாக இருக்கணும், அழுத்தம் தாங்க வலுவாகவும் இருக்கணும் என்று லெனார்ட் சந்தித்த அதே பிரச்னை, இன்று வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டு நிற்கிறது.

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 'காளி' வரிசைக் கருவிகளும் இந்த பல்ஸ்டு பவர் குடும்பம்தான். 'கிலோ ஆம்பியர் லீனியர் இன்ஜெக்டர்' என்பதன் சுருக்கமே காளி. துடிப்பு வகை, தொடர் வகை என்று எலக்ட்ரான் கற்றை இயந்திரங்கள் பல உண்டு. கேபிள் வயரின் மேலுறையை உறுதியாக்குவது, மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்குவது எல்லாம் இவற்றின் அன்றாட வேலை. கற்றையைக் காற்றுக்குக் கொண்டுவர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு உலோகத் தகட்டு ஜன்னல் இருக்கும். இப்போது பெரும்பாலும் டைட்டானியம்.

கடைசிக் காலம்

1945-ல் நாஜி ஜெர்மனி வீழ்ந்தபோது லெனார்டுக்கு 82 வயது. முதுமையைக் காரணம் காட்டி அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 1947 மே 20-ம் தேதி, மெஸ்ஸல்ஹவுஸன் என்ற சிற்றூரில் இறந்தார். நிலவில் உள்ள ஒரு பள்ளத்துக்கு வைக்கப்பட்டிருந்த அவரது பெயரை 2020-ல் பன்னாட்டு வானியல் சங்கம் நீக்கிவிட்டது.

ஆனா லெனார்ட் ஜன்னல் என்ற பெயரை யாரும் நீக்கவில்லை. அந்தத் தகட்டைத் தாண்டிப் போகும் எலக்ட்ரானுக்கு இனம் கிடையாது, நாடு கிடையாது. அதை ஹங்கேரியில் பிறந்த ஒரு ஜெர்மானியர் அளந்தாலும், இங்கிலாந்தில் தாம்சன் அளந்தாலும் ஒரே விடைதான் வரும். அந்த விடையை உலகுக்குக் காட்டிய கருவியைத் தன் கையால் செய்தவரே, கடைசிவரை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.